அக்காவிடம் நேராகவே கேட்டேன்

கம்பத்திலிருந்து எழுதுகிறேன். கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்தான் என் பிழைப்பு. விடியுமுன்னே பெண்கள் ஏறிவிடுவார்கள், வழி முழுக்க ஒரே பேச்சுதான். அதில் ஓர் அக்கா மட்டும் சில மாதங்களாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். மகளைக் கட்டிக்கொடுத்த கடன், வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போனது எல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனால் யாரும் வாய்திறந்து கேட்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் இறங்கும்போது தன் எவர்சில்வர் தூக்குவாளியைப் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டி, "நீயே வச்சுக்கடி, எனக்கு இனி எதுக்கு" என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. மற்றவர்கள் போன பிறகு, "அக்கா, செத்துப்போயிரலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டேன். கேட்டால் நாமே அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "யாராச்சும் கேட்க மாட்டாங்களான்னு இருந்துச்சு தம்பி" என்றார்.

அன்று ராத்திரி என் மனைவி அவர் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். அங்கிருந்தே 14416க்குப் போன் போட்டோம். மத்திய அரசின் இலவச மனநல எண் அது, ராப்பகலாக எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

சொந்தக்காரர்கள் முதலில் செய்வினை என்றார்கள், அப்புறம் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்றார்கள். சாக முயன்று பிழைத்தவரைக்கூட மனஅழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றச் சட்டத்தில், சாக முயல்வதையே குற்றமாக்கியிருந்த பழைய 309ஆம் பிரிவே இல்லை. இந்தப் பயத்தில் எத்தனை பேரை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கிறோமோ!

பத்தாம் நாள், "மாத்திரை கேட்கல" என்று அக்கா நிறுத்தப் பார்த்தார். மனச்சோர்வு மாத்திரை வேலைசெய்யவே இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்ததால் பேசிச் சமாளித்தோம்.

*

வண்டிப்பெரியாரிலிருந்து: அண்ணா, உங்கள் மனைவி போய்ப் படுத்துக்கொண்டாரே, அதுதான் பெரிய வைத்தியம். எங்கள் பாட்டி படுக்கையில் விழுந்தபோது, தீராத நோய்க்காரர்களின் வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வந்தார். 1993இல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த வேலை, ஊர்க்காரர்களே தொண்டர்களாக நின்று கேரளா முழுக்கப் பரவியது. புற்றுநோய்க்காரர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிற அதே ஊர், மனசு சரியில்லாதவர் வாசலில் மட்டும் ஏன் நிற்பதில்லை? என் சித்தப்பா விஷயத்தில் நாங்களே கதவைச் சாத்திக்கொண்டோம். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் அக்காவுக்குக் கூலி போய்விடுமே, என்ன செய்கிறீர்கள்?

*

கம்பத்துக்காரன்தான் மறுபடியும்: சித்தப்பாவை நினைத்து உங்களையே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள், தங்கச்சி. பாரமாக இருந்தால் நீங்களும் அந்த எண்ணில் பேசுங்கள், இழப்பில் இருக்கிறவர்களும் பேசலாம். அக்காவின் கூலிக்கு ஈடாக, ஜீப்பில் வருகிற பெண்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். கூட ஒருத்தியும் போகிறாள், முறைவைத்து. அடுத்த செவ்வாய், தூக்குவாளி வாங்கின அந்தப் பெண்ணின் முறை.