அப்பாவைப் பற்றி மூன்று மாதிரி எழுதிவிட்டேன், இதில் எது உண்மை?

வேப்பமரம்:
அப்பாவின் முதல் வருடத் திதி வருகிறது. அன்றைக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடலாம் என்று தம்பி சொன்னான், எழுதும் வேலை என்னிடம் வந்தது. அப்பா பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் 26 வருடம் டீக்கடை வைத்திருந்தார். கடைசியில் வட்டிக்கு வாங்கிய பணத்தால் கடை கைவிட்டுப் போனது. எனக்காக மட்டும் நோட்டில் எழுதியபோது முழுக்க அந்தக் கடனும் என் கோபமும்தான் வந்தது. திதிக்கு எழுதியதில் கடன் என்ற சொல்லே இல்லை, விடிகாலை மூன்றரைக்கு பாய்லரைப் பற்றவைப்பார் என்று ஆரம்பித்து உழைப்பு, உழைப்பு என்றே போகிறது. ஒரு பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று மூன்றாவதாக எழுதினேன், அதில் டிரைவர், கண்டக்டர், பூக்காரம்மா எல்லோரும் வந்துவிட்டார்கள், அப்பா மட்டும் ஓரமாக நிற்கிறார். ஒரே மனிதர்தானே. பொய் எழுதுகிறேனோ என்று மனது உறுத்துகிறது.

பழைய காகிதம்:
பொய் இல்லைங்க. இரண்டாம் உலகப்போரில் நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் டைரியைப் பாருங்கள். 1942 ஜூன் 12, பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நோட்டில் தனக்காக எழுத ஆரம்பித்தாள், அடுத்த மாதமே ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்து வாழ வேண்டியதாயிற்று. 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து வந்த வானொலியில் டச்சு அமைச்சர் ஒருவர், போர்க்காலக் கடிதங்களையும் டைரிகளையும் பத்திரமாக வையுங்கள், பிற்பாடு தொகுக்கப்போகிறோம் என்று பேசினார். அதைக் கேட்ட பிறகு, மே மாதம் அவள் தனித் தாள்களில் முதலிலிருந்து திரும்ப எழுதத் தொடங்கினாள். சிலதை வெட்டினாள், சிலதைச் சேர்த்தாள், கூட ஒளிந்திருந்தவர்களுக்கு வேறு பெயர் யோசித்து வைத்தாள், அவர்களில் ஒரு பையனான பீட்டர் மேல் இருந்த ஆசையைப் பற்றிய பகுதிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டாள். வீடும் ஆட்களும் அதேதான், யார் படிக்கப்போகிறார்கள் என்பது மாறியதும் எழுத்து மாறிவிட்டது. 1947இல் அவளுடைய அப்பா இரண்டையும் சேர்த்துத் தொகுத்து வெளியிட்டபோது இன்னொரு தேர்வும் நடந்தது, அது ஒரு தகப்பனின் தேர்வு. இதில் எதைப் பொய் என்று சொல்வீர்கள்?

கடைசி பெஞ்ச்:
வாசகர் யார் என்பதோடு, நாம் அந்த விஷயத்தை எந்த மனநிலையில் பார்க்கிறோம் என்பதும் இருக்கிறது. உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதில் 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கும் இடத்தைப் படியுங்கள். 25 வயதுக் கல்லூரி ஆசிரியரான உ.வே.சா., தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஆசையாக அடுக்குகிறார். முதலியார் அசையவே இல்லை, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. பின்னாளில் அதே சிந்தாமணியைப் பதிப்பித்துப் பெரும் பெயர் வாங்கியவர், 85 வயதைத் தாண்டிய பிறகு அந்தக் கூச்சத்தை அத்தனை வாசகர்கள் முன்னால் மறைக்காமல் வைக்கிறார், முதலியாரிடம் நன்றியோடு. அன்றிரவே எழுதியிருந்தால் இப்படி வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் நோட்டில் இருக்கும் கோபத்துக்கும் கொஞ்சம் நாள் கொடுங்கள்.

மணல்மேடு:
எல்லாம் சரி, ஆனால் திதிப் புத்தகத்தில் கடனை அடியோடு விடாதீர்கள். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்கும், சிலர் கைமாற்றும் கொடுத்திருப்பார்கள். நீங்கள் எழுதாவிட்டால் அந்த இடத்தை அவர்களாகவே மனதுக்குள் நிரப்பிக்கொள்வார்கள். எங்கள் ஆச்சியைப் பற்றி எழுதியபோது நான் இப்படித்தான் தடுமாறினேன். ‘சொந்தக்காரர்கள்’ என்று மொத்தமாக நினைத்தால் கை ஓடவில்லை. ஆச்சியைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட சித்தி ஒருத்தி மட்டும் எதிரில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டேன், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது தானாகப் பிடிபட்டது.

வேப்பமரம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அப்பாவின் பற்று நோட்டைத் தேடி எடுத்தேன், அட்டை முழுக்க டீக்கறை. கடை மூடிய மாதத்தில்கூட கண்டக்டர் எட்டு டீ, பூக்காரம்மா மூன்று டீ ஒரு பன் என்று பென்சிலில் எழுதியிருக்கிறார், பல பக்கங்களில் ஒரு வரிகூட பணம் வந்ததாக அடிக்கப்படவில்லை. அவர் வாங்கிய கடனை எழுதுவதென்றால் அவருக்கு வரவேண்டியிருந்ததையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லையா. பெயர்களை மட்டும் மாற்றிவிடுகிறேன். கடைக்குத் தினமும் பால் ஊற்றிய அத்தை படிப்பதாக வைத்துக்கொண்டு இன்றைக்கு ஆரம்பிக்கிறேன்.