திருவிழாவில் ரெப் போட்டால் சாமிக்கு ஆகாதா?

கேள்வி (தலவாக்கலையான்):
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அடுத்த மாதம் மாரியம்மன் திருவிழா. ராத்திரிக்கு டிஜே வைக்கலாம், நம்ம பையன்கள் இரண்டு பேர் எழுதிய ரெப் பாட்டையும் பாடட்டும் என்று கேட்டோம், கமிட்டி முடியாது என்றுவிட்டது. அதில் அதிகம் சத்தம் போட்டது எங்கள் அப்பா. "இளையராஜாவோட பாட்டு முடிஞ்சிருச்சு, இதெல்லாம் வாயில கல்லப் போட்டுக் கொதப்புறது." வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயிக்குச் சிரிப்பு. "அந்த இளையராஜா பாட்டுக்குத்தான் ஒங்க தாத்தா இவன் கெசட்டு ரேடியோவத் தூக்கிக் கானுல எறிஞ்சாரு." உங்கள் வீட்டிலும் இப்படியா?

ஹட்டன் பழசு:
தம்பி, தாத்தா மட்டும் இல்லை. 1952இல் இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் சினிமாப் பாட்டே மட்டம் என்று நினைத்து ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஒடுக்கிவிட்டார், ஜனங்கள் பேசாமல் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள். இன்று பொற்காலம் என்கிறோமே, அந்தக் காலத்துப் பாட்டைத்தான் சொல்கிறேன். எழுபதுகளில் சிலோன் மனோகர், நித்தி கனகரத்தினம் பொப் பாட்டெல்லாம் எங்கள் வாத்தியாருக்குக் குடிகாரன் பாட்டு. 1976இல் இளையராஜாவின் முதல் படம் அன்னக்கிளி வந்தபோது மாமா கேட்டார், "கொழுந்துக்காரி பாடுறதக் கேக்க எதுக்குடா ரேடியோ?"

மஸ்கெலியா டீச்சர்:
எனக்கு ரெப் மேல் கோபம் இல்லை, ஸ்பீக்கர் பொக்ஸ் மேல்தான். லயத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். நாலு பொக்ஸ் அடுக்கி பேஸ் ஏற்றினால் கூரைத் தகரம் ஆடுகிறது, சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளை எங்கே போய்ப் படிக்கும்? முதலில் அதைப் பேசுங்கள்.

பதுளை தப்பு:
கலாசாரம் என்று தொடங்கினால்தான் எனக்கு ஆத்திரம் வரும். என் தாத்தா தப்பு என்கிற பறை அடித்தவர். அவர் வந்தால்தான் காமன் கூத்தே தொடங்கும், சாவு வீட்டுக்கும் அவர்தான், ஆனால் சாமி கும்பிட மட்டும் கோயில் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். அந்த ரோசத்தில் அப்பா தப்பைத் தொடவே இல்லை. இப்போது அதே கோயில் ஆட்கள் மேடையேறி "தப்பு நம்ம பாரம்பரியம்" என்கிறார்கள், சரி, சந்தோசம். தாத்தாவின் அடியைப் போனில் பதிந்துவைத்திருக்கிறேன், அதன் மேல்தான் ரெப் எழுதுகிறேன். மலையில் நம்ம ஆட்கள் கங்காணியைத் திட்டிப் பாடியதை மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடி எழுதிவைத்தார், அது இலக்கியம். 1000 ரூபாய் நாள் சம்பளத்துக்கு எங்களை அலைக்கழித்ததை நாங்கள் பாடினால் கொதப்பலா?

தலவாக்கலையான்:
டீச்சர் சொன்னதைக் கமிட்டியில் வைத்தேன். இரண்டு பொக்ஸ், பத்து மணிக்கு நிறுத்தம். யோசிக்கிறார்களாம். பதுளை அண்ணே, அந்தத் தப்பு அடியைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா? அப்பாயி கேட்க வேண்டும் என்கிறார். காது மந்தம், அதனால் அவருக்குப் பொக்ஸில்தான் போட வேண்டும்.