ஆடி மாசம் வந்தா கை காஞ்சு போயிருது, தனியா பிள்ளைங்கள வளக்குறவங்க எப்படி சமாளிக்கிறீங்க?

முறுக்குசுத்தி:

எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்குடி, பலகாரக் கடையில முறுக்கு சுத்துற வேலை. அவுக தவறி ரெண்டரை வருஷம் ஆச்சு. மூத்தவ 8ஆம் வகுப்பு, சின்னவன் 3ஆம் வகுப்பு, ரெண்டு பேரும் கவர்மெண்ட் ஸ்கூல்தான். அவன் காலையிலயும் மத்தியானமும் அங்கயே சாப்ட்டுக்கிறான், அவளுக்கு மத்தியானம் சாப்பாடு, அது பெரிய ஆறுதல்.

சம்பளம் கம்மிதான், ஆனா அத சொல்லி அழுக வரல. எனக்கு பிரச்சனையே அது ஒரே மாதிரி வர்றதில்லங்கிறதுதான். முகூர்த்த மாசம்னா 26 நாள் வேலை இருக்கும், நாளுக்கு 350, 9,100 வந்துரும். தீபாவளி சமயம், சிங்கப்பூர் மலேசியாவுக்கு பார்சல் போற சமயம் எல்லாம் அப்படித்தான், மூச்சு விட நேரம் இருக்காது. ஆடியும் மார்கழியும் வந்துச்சுன்னா அடுப்பு பத்த வைக்கிறதே வாரத்துக்கு ரெண்டு மூணு நாள்தான், மாசத்துக்கு 3,500 வந்தா பெரிசு. எடைப்பட்ட மாசம் ஒரு மூணு இருக்கு, அப்ப ஒரு 6,000 வரும். உரிமைத்தொகை 1,000 தனியா 15ஆம் தேதி வருது.

வாடகை 2,000, கரண்டு வீட்டுக்காரவுக சப் மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8 ரூபா வாங்குறாக, அந்த 100 யூனிட் ப்ரீ எல்லாம் எங்களுக்கு வராது. போன ஆடியில வாடகைக்கே இல்லாம தண்டல்ல 5,000 எடுத்தேன், 500 புடிச்சுக்கிட்டு 4,500 குடுத்தாக, தினம் 50 ரூபான்னு 100 நாள் கட்டுனேன். ஆவணியில சம்பாரிச்சது எல்லாம் அதுக்கே போச்சு. இந்த ஆடி எப்படியோ கடன் வாங்காம முடியப்போகுது, ஆனா மூத்தவ காதுல கெடந்த தோட்ட அடகு வச்சுத்தான். அவ ஒண்ணும் சொல்லல, வேப்பங்குச்சிய போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போறா, அத பாக்கயில எனக்குத் தாங்கல.

இதுல எங்க நாத்தனாரு, பிள்ளைய 9ஆம் வகுப்புக்கு பிரைவேட்ல போடு, கடன ஒடன வாங்கியாச்சும் போடு, அப்பதான் பொழைக்கும்னு சொல்றாக. ஆவணி பொறக்குது, மறுபடி காசு கையில வரும். இந்த வருஷமாச்சும் ஒழுங்கா வச்சுக்கணும். எப்படி பண்ணலாம்னு சொல்லுங்க.

பழைய கணக்கப்புள்ள:

ஆத்தா, நான் பள்ளத்தூர்ல ஒரு செட்டியார் வீட்டுல 40 வருஷம் கணக்கு எழுதுனவன், எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல ஒரு 20 ரூபா நோட்டு வாங்கு. அதுதான் உன் சிட்டை. அன்னன்னக்கி வரவு, செலவு, இருப்பு, இந்த மூணத்த மட்டும் எழுது, படுக்கப் போகும் முன்னாடி எழுதணும், நாளைக்கு எழுதிக்கலாம்னு விட்டா அந்தக் கணக்கு செத்துப்போச்சு.

ரெண்டாவது, நீ சொன்னத கூட்டிப் பாத்தேன். நல்ல மாசம் 7, 9,100 வீதம் 63,700. எடைப்பட்ட மாசம் 3, 18,000. ஆடியும் மார்கழியும் சேத்து 7,000. மொத்தம் 88,700. பன்னெண்டால வகுத்தா மாசம் 7,391. ஆக உன் சம்பளம் 9,100ம் இல்ல, 3,500ம் இல்ல, 7,000 ரூபா. நல்ல மாசத்துல 9,100 வருதுல்ல, அதுல 2,100 உன் காசு இல்ல ஆத்தா, அது ஆடி மாசத்து முறுக்குசுத்தியோட காசு, அவகிட்ட இருந்து நீ எடுத்து செலவழிக்கிற, அதனாலதான் அவ தண்டலுக்குப் போறா.

அந்த 2,100 ஏழு மாசத்துக்கு 14,700. எடைப்பட்ட மாசத்துக்கு ஆயிரம் ஆயிரமா 3,000 எடுப்ப, ஆடி மார்கழிக்கு 3,500 வீதம் 7,000 எடுப்ப. அப்பவும் 4,700 மிச்சம் நிக்கும், அதுல தோட்ட திருப்பு. உரிமைத்தொகைய இந்தக் கணக்குல சேக்கல, அது கேஸுக்கும் மருந்து மாத்திரைக்கும் இருக்கட்டும்.

இந்தப் பக்கம் யாவாரத்துல மகமைன்னு ஒண்ணு உண்டு, கோயிலுக்குன்னு ஒரு பங்கு. வரவு வந்ததும் அத எடுத்து வச்சிட்டுத்தான் மிச்சத்துல கை வைப்பாக, செலவு போக மிஞ்சுனா வைப்போம்னு யாரும் நெனச்சதில்ல. நீயும் அப்படித்தான் வைக்கணும். வாரச் சம்பளம்னா சம்பளத்தன்னைக்கே 500 போஸ்ட் ஆபீஸ் சேவிங்ஸ்ல போட்டுரு, வீட்டுல டப்பாவுல வைக்காத, டப்பாவுல இருக்குற காச யாராச்சும் கேப்பாக, நீயும் இல்லன்னு சொல்ல மாட்ட.

தண்டல் பத்தி ஒண்ணு. 500 ரூபாதானேன்னு நெனைக்காத. தினம் நீ திருப்பிக் கட்டிக்கிட்டே வர்ற, சராசரியா உன் கையில நின்னது 2,250தான், அதுக்கு மூணேகால் மாசத்துல 500 வட்டி. வருஷத்துக்குன்னு பாத்தா நூத்துக்கு 80 வருது. அவசரம்னா கூட்டுறவு பேங்குல நகைக்கடன் வையி.

தேவகோட்டை அக்கா:

பெரியவரு சொன்னது நூத்துக்கு நூறு. நான் சாப்பாட்டுப் பக்கம் சொல்றேன், ஏன்னா நானும் ஒத்தையா மூணு பிள்ளைய வளத்தவதான்.

ரேஷன்ல அரிசி ப்ரீ, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சீனி 25, இந்த நாலையும் ஒரு மாசம் கூட விட்டுராத, பருப்பு ஸ்டாக் இல்லம்பாக, நாலு நாள் கழிச்சு மறுபடி போ. அந்த அரிசி கழுவுற தண்ணிய கொட்டாத. மொத தண்ணிய ஊத்திட்டு ரெண்டாவது தண்ணிய நல்லா கெட்டியா வர்ற மாதிரி அலசி எடுத்து அதுலயே புளிய ஊறப்போட்டுக் கரைச்சுக்க. சின்ன வெங்காயம், பூண்டு, பச்சமொளகா வதக்கி, கால் கிலோ வெண்டைக்காய வழவழப்பு போக வதக்கி, அந்தப் புளித்தண்ணிய ஊத்தி சுண்ட விட்டேன்னா மண்டி. பருப்பு வேணாம், தேங்கா வேணாம், மசாலாப் பொடி வேணாம். இன்னக்கி வச்சா நாளைக்கும் வரும், சொல்லப்போனா மறுநாள் பழைய சோத்துக்குத்தான் அது ருசியே. வெண்டைக்கா இல்லையா, மொச்சை, பலாக்கொட்டை, மாங்கா வத்தல் எதப் போட்டாலும் ஏத்துக்கும். நம்ம ஆச்சிமாரு வீடுகள்ல எவ்வளவு வசதி இருந்தப்பவும் அரிசித் தண்ணிய வீணாக்குனதில்ல, அதனால இத ஏழைச் சாப்பாடுன்னு பிள்ளைங்க கிட்ட சொல்லாத.

சந்தைக்கு சாயங்காலம் 6 மணிக்கு மேல போ, கட்டிட்டுப் போற நேரத்துல கூறு கட்டிக் குடுத்துருவாக. கத்தரிக்கா, கொத்தவரங்கா மலிஞ்சு கெடக்குற சித்திரை வைகாசியில நீளமா அரிஞ்சு உப்புத்தண்ணியில ஒரு கொதி விட்டு வளவுல காயப்போட்டு வத்தலா எடுத்து வையி. ஆடியில காய்கறி வாங்கவே வேணாம்.

அப்பறம் மொய். யாரும் இதப் பேச மாட்டாக. ஆவணியில மட்டும் நாலு விசேஷம் வரும். அவுக இருந்தப்ப எழுதுன மொய் நோட்டு இருக்கும்ல, அத எடுத்து யாரு நமக்கு செஞ்சாக, நாம யாருக்கு திருப்பணும்னு பிரி. திருப்ப வேண்டியது கடன், அத கண்டிப்பா செய்யணும். புதுசா யாருக்கும் பெரிய மொய் ஆரம்பிக்காத, நேர்ல போயி முந்தின நாள் ரெண்டு மணி நேரம் வேலை பாத்துக் குடுத்துட்டு 100 ரூபா வச்சிட்டு வா, மனுசங்க அதத்தான் நெனச்சு வச்சிருப்பாக. போன் ரீசார்ஜ் 28 நாளைக்கு போடுறியா? அது வருஷத்துக்கு 12 இல்ல, 13 தடவ.

புதுவயல் ஆட்டோ:

தங்கச்சி, நானும் தனியாளு. வீட்டுல தவறும்போது மகளுக்கு 10 வயசு, இப்ப அழகப்பா காலேஜ்ல ரெண்டாவது வருஷம். பிரைவேட் ஸ்கூல் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுலயும் இதே சண்ட நடந்துச்சு, நானும் வட்டிக்கு வாங்கப் போயிட்டேன், கடைசி நேரத்துல அவ கிளாஸ் டீச்சர்தான் கூப்புட்டு உக்கார வச்சு சொன்னாக.

6 லேர்ந்து 12 வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பொண்ணுக்கு காலேஜ் போறப்ப புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 வரும். மெடிக்கல், இன்ஜினியரிங் போறதுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கு, அதுவும் 6 லேர்ந்து 12 கவர்மெண்ட் ஸ்கூல்தான் கணக்கு. 9ல மாத்துனா ரெண்டும் போச்சு. பீஸும் கட்டி, வட்டியும் கட்டி, வர வேண்டியதையும் விட்டுட்டு நிக்கணுமா? என் மக கணக்குல மட்டும் கொஞ்சம் வீக், அதுக்கு தெருவுல ஒரு டீச்சரம்மா கிட்ட மாசம் 300 குடுத்து டியூஷன் போட்டேன், அவ்வளவுதான். அந்த ஆயிரத்துலதான் இப்ப புத்தகம் வாங்குறா.

இன்னொன்னு, இத அவசியம் பாருங்க. மிஷன் வாத்சல்யான்னு ஒரு திட்டம், அப்பா இல்லாம அம்மா வளக்குற பிள்ளைங்களுக்கும் உண்டு, ஒரு பிள்ளைக்கு மாசம் 4,000. வருமானம் டவுன்னா வருஷத்துக்கு 96,000க்குள்ள, கிராமம்னா 72,000க்குள்ள இருக்கணும். பெரியவரு போட்ட கணக்குப்படி நீங்க 88,700, உள்ளதான் வர்றீங்க. சிவகங்கையில மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு கேட்டு மனு குடுக்கணும். மொதல்ல இ-சேவையில 60 ரூபா கட்டி வருமானச் சான்று எடுங்க. மனு போட்ட எல்லாருக்கும் கெடைக்காது, கமிட்டி பாத்துத்தான் குடுப்பாக, என் தங்கச்சி பிள்ளைக்கு ஏழு மாசம் அலைஞ்சோம். அதனால வந்தா வரட்டும்னு மனு போட்டுட்டு, சிட்டைக் கணக்க இந்தக் காசு இல்லாமலே ஓட்டுங்க.

முறுக்குசுத்தி:

எல்லாரும் எழுதுனத மூத்தவ கிட்ட வாசிச்சுக் காட்டுனேன். ஸ்கூல் மாத்துற பேச்சு முடிஞ்சு போச்சு, அவளுக்கே அங்க இருக்கத்தான் ஆசையாம், அம்மா வருத்தப்படும்னு சொல்லாம இருந்திருக்கா. நாத்தனாரு கிட்ட நானே பேசிக்கிறேன்.

நோட்டு வாங்கியாச்சு. கணக்கு அவதான் எழுதுறா, மேல உ போட்டு, கோடு கிழிச்சு, ஐயா சொன்ன மாதிரி மூணு கட்டம். ஆவணி மொத வாரம் ஆறு நாள் வேலை, வரவு 2,100. 500 போஸ்ட் ஆபீஸ்ல போட்டாச்சு. அதுக்குக் கீழ அவளாவே "தோடு, பாக்கி 3,200"ன்னு எழுதி வச்சிருக்கா.

அக்கா, மண்டி வச்சேன். சின்னவன் ரெண்டு தடவ வாங்கிச் சாப்ட்டான், மறுநாள் காலையில மிச்சம் இருக்கான்னு சட்டிய தொறந்து பாத்துட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனான்.

புதுவயல் அண்ணே, வருமானச் சான்றுக்கு பதிஞ்சாச்சு. வந்ததும் சிவகங்கை போகணும், ஒரு நாள் கூலி போயிரும், அதனால ரெண்டு தடவ அலைய முடியாது. டெத் சர்டிபிகேட் ஜெராக்ஸ் போதுமா?

புதுவயல் ஆட்டோ:

ஒரிஜினலும் எடுத்துக்கிட்டு போங்க, ஜெராக்ஸ் மூணு செட் வச்சுக்கங்க. ஆதார், ரேஷன் கார்டு, ரெண்டு பிள்ளைக்கும் ஸ்கூல்ல படிக்கிறதுக்கு சர்டிபிகேட், போட்டோ, பிள்ளை பேரும் உங்க பேரும் சேந்த பாஸ்புக். ஸ்கூல் சர்டிபிகேட்ட நாளைக்கே ஹெச்எம் கிட்ட கேட்டுருங்க, அதுதான் லேட்டாகும். சிவகங்கைக்கு டவுன் பஸ் கெடையாது, டிக்கெட் எடுக்கணும், காலையில மொத பஸ்ஸுல ஏறுனா மத்தியானத்துக்குள்ள திரும்பி அரை நாள் வேலையாச்சும் பாத்துரலாம்.