"சளி இல்லை" என்று சொல்லிவிட்டு டப்பாவில் துப்புகிறார்கள்: அறிகுறி வினாத்தாள் மொழிபெயர்ப்பில் உதவி தேவை

கேட்பவர்: தண்டையார்பேட்டை மாணவி

வணக்கம். வட சென்னையில் ஒரு மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கான எம்.டி.ஏ.எஸ்.ஐ. அறிகுறி வினாத்தாளைத் தமிழில் சரிபார்ப்பதுதான் என் ஆய்வேடு. இதில் மொத்தம் 28 கேள்விகள். எல்லாப் புற்றுநோய்க்கும் பொதுவான அறிகுறிகள் 13, தலை, கழுத்துக்கே உரியவை 9, அவை அன்றாட வாழ்க்கையை எவ்வளவு கெடுக்கின்றன என்று கேட்பவை 6. கடந்த 24 மணி நேரத்தை நினைத்து 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்ல வேண்டும். 0 என்றால் தொல்லையே இல்லை.

முறைப்படிதான் செய்தோம். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்கினார்கள். இரண்டையும் உட்கார்ந்து ஒன்றாக்கினோம். மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். அச்சு அசலாகப் பொருந்தியது. அந்த மகிழ்ச்சியில் நோயாளிகளிடம் போனேன்.

"வாயிலும் தொண்டையிலும் சளி" என்ற கேள்விக்குப் பாதிக்கு மேற்பட்டவர்கள் பூஜ்யம் சொல்கிறார்கள். ஐந்தாவது வாரக் கதிர்வீச்சில் இருக்கும் ஒருவர் "சளி இல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே டப்பாவை எடுத்துத் துப்பினார். வலியில் முகம் சுருங்கியிருப்பவர் "இரண்டு" என்கிறார். மூன்றாவது வாரத்தில் ஒரு முறையும் நான்காவது வாரத்தில் ஒரு முறையும் கேட்டுப் பார்த்தேன், இரண்டு விடைகளும் ஒத்துப்போகவில்லை. இவ்வளவுக்கும் நடுவில், விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்பா என்ற எண், போதும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் 0.7-ஐத் தாண்டிவிட்டது. "அதுதான் வந்துவிட்டதே, எழுதி முடி" என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கே தவறு?

பதில்: பழைய மொழிபெயர்ப்பாளர்

சளியிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் சளி "பிடிக்கும்". மூக்கு ஒழுகும், நெஞ்சு கட்டும், ஆவி பிடிப்போம், தைலம் தடவுவோம். கதிர்வீச்சினால் எச்சில் கெட்டியாகி நூல் நூலாக இழுப்பதை எந்த வீட்டிலும் சளி என்று சொல்லமாட்டார்கள். ஆகவே "சளி இல்லை" என்றவர் பொய் சொல்லவில்லை. உங்கள் கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார்.

திரும்ப ஆங்கிலமாக்கியபோது இது ஏன் சிக்கவில்லை? "மியூகஸ்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி சளியைக் கொடுத்தது, சளிக்கு அதே ஆங்கிலச் சொல்லைத் திருப்பிக் கொடுத்தது. போன வழியிலேயே சொல் திரும்பி வந்துவிட்டது, நோயாளியின் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மொழிபெயர்த்த இருவரும் மருத்துவம் படித்தவர்களா? அப்படித்தான் இருக்க வேண்டும்.

நீங்கள் தாண்டிப் போன படி, சில நோயாளிகளிடம் சொல் சொல்லாக விசாரிப்பது. எண் கேட்காதீர்கள். "இந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்", "இதைக் கேட்டதும் எது நினைவுக்கு வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். ஏழெட்டுப் பேர் போதும், பாதி மர்மம் அங்கேயே தீர்ந்துவிடும். "கோழை" என்ற பழைய சொல் பெரியவர்களுக்குப் புரியும். ஆனால் அதைத் தனியாக வைக்காதீர்கள். ஒரு முறை வேறொரு படிவத்தில் வைத்தோம், "யாரைக் கோழை என்கிறீர்கள்?" என்று ஓர் இளைஞர் சண்டைக்கு வந்துவிட்டார்.

இன்னொன்று. வினாத்தாளுக்கு உரிமையாளர் உண்டு. சொல்லை மாற்றுவதற்கு முன் காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். அதிகாரபூர்வத் தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பதில்: காசிமேட்டு மகள்

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அப்பாவுக்கு 35 நாள் "கரண்ட்" வைத்தார்கள். நீங்கள் கதிர்வீச்சு என்று எழுதுவதை எங்கள் தெருவில் கரண்ட் என்றுதான் சொல்வோம்.

அந்த "இரண்டு" ஏன் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் அப்படித்தான் சொன்னார். பிறகு வீட்டில் கேட்டேன். "பத்துக்கு இரண்டு மார்க்தான் வாங்குகிற நிலையில் என் உடம்பு இருக்கிறது" என்றார். அவருக்குப் பத்து என்றால் பாஸ், நல்ல மார்க்! தொல்லை கூடக் கூட எண்ணும் கூடும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

வேறு சில நாட்களில் வேண்டுமென்றே குறைத்தும் சொல்வார். வலி அதிகம் என்று தெரிந்தால் கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்று பயம். டாக்டர் கோட்டுப் போட்டவர் கேட்டால் "பரவாயில்லை", வெளியே டீக்கடையில் தெரிந்தவர் கேட்டால் உண்மை. கடைசி வாரத்தில் குரலே எழும்பவில்லை, அதனால் அம்மாதான் எண் சொன்னார். அம்மா எப்போதும் எட்டுக்குக் கீழே இறங்கமாட்டார். உங்கள் தாளில் யார் சொன்ன எண் இருக்கிறது என்று பாருங்கள், அக்கா.

பதில்: எண் கணக்கன்

மேலே அந்தச் சகோதரி சொன்னதைப் படித்த பிறகு உங்கள் ஆல்பாவைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. ஆல்பா சொல்வது, விடைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றன என்பதை மட்டும்தான். ஒருவர் எல்லாக் கேள்விக்கும் "இரண்டு, இரண்டு" என்றும், இன்னொருவர் "எட்டு, எட்டு" என்றும் சொல்லிக்கொண்டே போனாலும் ஆல்பா உயரும். கேள்வி புரிந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு கேள்வியும் மற்றவற்றின் கூட்டுத்தொகையோடு எப்படிப் பொருந்துகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். சளி அங்கே காலை வாரியிருக்கும்.

மறுசோதனை விஷயத்தில், அதாவது ஒரே ஆளிடம் இரண்டு முறை கேட்டு விடைகளை ஒப்பிட்டதில், வினாத்தாளைக் குறை சொல்லாதீர்கள். கதிர்வீச்சில் வாய்ப்புண் இரண்டு, மூன்று வாரங்களில் தொடங்கி முடிவை நெருங்க நெருங்க ஏறும். மூன்றாவது வாரத்துக்கும் நான்காவது வாரத்துக்கும் நடுவில் நோயாளியின் நிலையே மாறிவிட்டது. எண்கள் ஒத்துப்போயிருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். மறுசோதனைக்குச் சிகிச்சை முடிந்து பல மாதங்களாகி, தொடர் பரிசோதனைக்கு மட்டும் வருகிறவர்களை எடுங்கள். இல்லையென்றால் ஓரிரு நாள் இடைவெளியில் கேளுங்கள். இரண்டாம் முறை, "போன தடவையைவிட மாற்றம் உண்டா?" என்று ஒரு தனிக் கேள்வி வைத்து, "அப்படியேதான் இருக்கிறது" என்பவர்களை மட்டும் கணக்கில் சேருங்கள்.

சிகிச்சை தொடங்காதவர்களையும் ஐந்தாவது வாரத்தில் இருப்பவர்களையும் ஒப்பிடுங்கள். நோயாளி எவ்வளவு நடமாடுகிறார் என்று அளக்கும் ஈகாக் செயல்திறன் நிலையில் (எண் கூடக் கூட முடக்கம் அதிகம்) 0, 1 உள்ளவர்களையும் 2, 3 உள்ளவர்களையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தே ஆக வேண்டிய இடங்கள் இவை. அங்கே தெரியவில்லை என்றால் ஆல்பா எவ்வளவு இருந்தும் பயனில்லை. எந்தக் கேள்விகள் ஒரே குழுவாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வும் செய்வதாக இருந்தால் கேள்விகளின் எண்ணிக்கையைப் போல ஏழு மடங்கு ஆட்கள் வேண்டும் என்பது, இத்தகைய வினாத்தாள்களின் தரத்தை மதிப்பிட உதவும் காஸ்மின் வழிகாட்டுதல். 28-க்கு 196. ஒரு ஆய்வேட்டுக் காலத்தில் கிடைப்பார்களா என்று இப்போதே எண்ணிப் பாருங்கள்.

பதில்: விழுங்கல் பயிற்சியாளர்

உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போய் இருமல் வருவதைக் கேட்கும் கேள்விக்கு என்ன எழுதினீர்கள்? "மூச்சுத்திணறல்" என்று எழுதியிருந்தால் உடனே மாற்றப் பாருங்கள், அது பொதுப் பகுதியில் தனிக் கேள்வியாக இருக்கிறது. "புரையேறுதல்" என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது, படிக்காதவருக்கும் புரியும். ஒரே தொல்லை, "யாரோ நினைக்கிறார்கள் போலிருக்கிறது" என்று பாட்டிகள் சிரித்துவிடுவார்கள். சிரிக்கட்டும், எண் சரியாக வரும். ஆனால் பூஜ்யம் வந்தால் விழுங்குவது பத்திரமாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு தொண்டையின் உணர்வு மழுங்கி, தண்ணீர் உள்ளே போனாலும் இருமலே வராதவர்கள் உண்டு.

குரல்வளையை எடுத்தவர்களிடம் வாயால் எண் கேட்காதீர்கள். 0 முதல் 10 வரை பெரிதாக அச்சடித்த கோட்டைக் கொடுத்து விரல் வைக்கச் சொல்லுங்கள். பல், ஈறு பற்றிய கேள்வியில் பூஜ்யம் சொல்பவர்களின் வாயையும் ஒரு முறை பாருங்கள். கதிர்வீச்சுக்கு முன்பே கெட்ட பற்களைப் பிடுங்கிவிடுகிறோமே!

கேட்பவர்: தண்டையார்பேட்டை மாணவி

அனைவருக்கும் நன்றி. எட்டுப் பேரிடம் எண் கேட்காமல் பேசிப் பார்த்தேன். சளி விஷயம் நீங்கள் சொன்னபடியேதான். "கோந்து மாதிரி எச்சில்" என்று ஒருவர், "வாயில் நூல் விடுகிறது" என்று இன்னொருவர். "வாயிலும் தொண்டையிலும் கெட்டியாக ஊறும் எச்சில் அல்லது கோழை" என்று எழுதி அனுமதிக்கு அனுப்பியிருக்கிறேன்.

தேடாமல் கிடைத்தவையும் உண்டு. "மற்றவர்களுடன் உறவு" என்ற கேள்விக்கு ஒரு தாத்தா வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அது "மற்றவர்களுடன் பேசிப் பழகுவது" ஆகிறது. பகல் தூக்கத்தைக் கேட்க "மயக்கம்" என்று போட்டிருந்தோம், விழுந்துவிட்டீர்களா என்று கேட்பதாக நினைத்திருக்கிறார்கள். "தூக்கக் கலக்கம்" என்று மாற்றக் கேட்டிருக்கிறேன். "24 மணி நேரம்" என்றதும் சிலர் நோய் வந்த நாளிலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். "நேற்று இந்நேரம் முதல் இப்போது வரை" என்றால் நிற்கிறார்கள். மார்க் குழப்பத்துக்கு, கோட்டின் இரு முனையிலும் "தொல்லையே இல்லை", "தாங்கவே முடியாத தொல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டேன். யார் விடை சொன்னார் என்று குறிக்கவும் தாளின் மேலே ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பாட்டி தமிழ் நன்றாகவே பேசுகிறார், ஆனால் வலியைப் பற்றிப் பேசும்போது தெலுங்குக்குப் போய்விடுகிறார். அவரை ஆய்வில் சேர்க்கலாமா?

பதில்: பழைய மொழிபெயர்ப்பாளர்

தமிழ் வினாத்தாளின் சரிபார்ப்புக் கணக்கில் வேண்டாம். ஆனால் வலி எவ்வளவு என்று அவரிடம் கேட்காமல் விட்டுவிடாதீர்கள், தெலுங்கு தெரிந்த செவிலியர் யாராவது இருப்பார்.