மும்பைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நாசிக்கில் வைன் ருசி பார்க்கப் போகிறீர்களா?

ஆபீஸ் நண்பர்கள் நாசிக்குக்குக் கூப்பிடுகிறார்கள், வைன் பற்றி எதுவும் தெரியாமல் போனால் சரிப்படுமா என்று சயானில் குடியேறியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகப் போய் வாருங்கள் தம்பி. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக இருங்கள்: கூட வந்தவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே உங்களுக்குத் தோன்றியதைக் குறித்து வைத்துவிடுங்கள்.

முதலில் பயணம். மும்பையிலிருந்து நாசிக் சுமார் 170 கிலோமீட்டர். காரில் போனால் ஓட்டுபவர் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே சட்டப்படி குற்றம். என்னைக் கேட்டால் ரயில்தான் நல்லது. சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) ஸ்டேஷனிலிருந்து காலையில் கிளம்பும் ஷீரடி வந்தே பாரத்தில் நாசிக் ரோடு இறங்கலாம். வைன் தயாரிக்கும் வைனரிகள் பலவும் கங்காபூர் அணைப் பக்கம், ஸ்டேஷனிலிருந்து ஊரைக் கடந்து போக வேண்டும். அதனால் நாள் வாடகைக்கு ஒரு டாக்ஸி பேசிக்கொள்ளுங்கள். சூலா வைனரி 2005-இலேயே டேஸ்டிங் ரூம் (ருசி பார்க்கும் அறை) திறந்துவிட்டது. அதே பக்கத்தில் யார்க், சோமா இருக்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவது இடத்தில் நாக்கு மரத்துப் போயிருக்கும். முடிந்தால் வார நாளில் போங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் ஊற்றித் தருபவரிடம் நின்று இரண்டு கேள்வி கேட்க முடியாது, அந்தக் கேள்விகளுக்காகத்தானே அவ்வளவு தூரம் போகிறோம்.

வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சென்ட் அடிக்க வேண்டாம், மல்லிகைப்பூவும் அன்றைக்கு வேண்டாம். வைனில் பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது.

நுரைக்கும் வைன், வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு வைன்), சிவப்பு, கடைசியில் இனிப்பு வைன் என்பதுதான் வழக்கமான வரிசை. ஒவ்வொன்றிலும் நாலு விஷயம் பாருங்கள். விழுங்கியதும் வாயில் எச்சில் ஊறினால் புளிப்பு நன்றாக இருக்கிறது. ஈறு வறண்டு நாக்கைப் பிடித்தால் அது துவர்ப்பு, கொதித்துக் கிடந்த கட்டன் சாயா மாதிரி. தொண்டை சுட்டால் ஆல்கஹால் தூக்கலாக இருக்கிறது. அப்புறம், ருசி எவ்வளவு நேரம் வாயில் நிற்கிறது என்று பாருங்கள். சட்டென்று மறைந்துபோனால், பாட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் மதிப்பெண் குறைத்துவிடுவேன்.

சிவப்பில் துவர்ப்பு இருப்பதற்குக் காரணம் திராட்சைத் தோல். சிவப்பு வைனில் சாறு தோலோடு சேர்ந்தே நொதிக்கிறது, வெள்ளைக்குத் தோலை முன்பே நீக்கிவிடுகிறார்கள். நாசிக் வெயிலில் பழத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு இறங்கும். பறிக்கும் நேரத்தைச் சரியாகப் பிடித்தவர் யார் என்பது வெள்ளை வைனில் தெரிந்துவிடும். அதனால்தான் ஒரு வைனரியை எடைபோட நான் முதலில் அங்குள்ள சாவினான் பிளாங்க் என்ற வெள்ளை வைனைக் கேட்பேன். ஷெனின் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளையும் இங்கே நன்றாக வருகிறது. சிவப்பில் ஷிராஸ் கேளுங்கள், ஆனால் மும்பை அறை வெப்பத்தில் ஊற்றினால் எந்தச் சிவப்பும் கனத்து, சாராய நெடி அடிக்கும். 16 முதல் 18 டிகிரிதான் அதற்குச் சரி. சூடாக இருந்தால் கொஞ்சம் குளிரவைத்துத் தரச் சொல்லத் தயங்காதீர்கள்.

தேனிப் பக்கத்துப் பிள்ளைகள் மஸ்கட் வைன் கிடைத்தால் விடாதீர்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையும் மஸ்கட் இனம்தான். முகர்ந்ததுமே ஊர் வாசனை பிடிபடும்.

ஊற்றியதையெல்லாம் குடித்து முடிக்க வேண்டியதில்லை. துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். குடிக்காத நண்பர் கூட வந்தால் வற்புறுத்தாதீர்கள். தோட்டத்தையும் பீப்பாய் அறையையும் சுற்றிப் பார்ப்பதே அவருக்கு நல்ல பொழுது. குழுவில் இன்னொரு விளையாட்டும் ஆடலாம்: வைனின் பெயர் தெரியாதபடி ஒருவர் பாட்டிலைத் துணியால் சுற்றி ஊற்றட்டும், மற்றவர்கள் தனித்தனியாகப் பத்துக்கு மதிப்பெண் எழுதட்டும். விலை அதிகமான பாட்டில் பின்தங்குவது சகஜம். வாங்குவதானால் அந்தத் தாளைப் பார்த்து வாங்குங்கள்.

பறிப்பு ஜனவரி முதல் மார்ச் வரை, போக அதுதான் நல்ல சமயம். ஆனால் ஜனவரி 26 டிரை டே, மது ஊற்ற மாட்டார்கள். அந்த விடுமுறையை ஒட்டிக் கிளம்புவதானால் தேதி பார்த்து பதிவு செய்யுங்கள். வயதைக் காட்டும் அடையாள அட்டை எல்லோரிடமும் இருக்கட்டும்.