ரேவன் என்னை ஏமாத்திடுச்சா? உங்க அனுபவத்தையும் எழுதுங்க

பனிச்சரிவு:
எப்படிப் போனோம், எத்தனை நாள் நடந்தோம் எல்லாம் இன்னொரு நாள். நேரா விஷயத்துக்கு வர்றேன். காலையில கூடாரத்துக்கு வெளிய உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிட்டு இருக்கேன். 10 அடி தள்ளி ஒரு ரேவன், அதான் காக்கா குடும்பத்துப் பெரிய கறுப்புப் பறவை, வந்து இறங்குச்சு. தாடைக்குக் கீழ புடைப்பு. இரையை அங்கதான் அடக்கி வச்சுக்கும்னு உங்களுக்கே தெரியும். நாலு எட்டு நடந்து வந்து பனியை அலகால ரெண்டு கொத்து கொத்தி, மூஞ்சியை உள்ள விட்டு எடுத்து, சுத்தி இருந்த பனியைத் தள்ளி மூடிட்டு, மேல ஒரு சில்லுக்கல்லைத் தூக்கி வச்சுது. அப்புறம் என்னைப் பார்த்துச்சு. கண்ணுக்குக் குறுக்க ஒரு வெள்ளைச் சவ்வு சட்டுனு ஓடி மறைஞ்சுது. கிளம்பிப் போயிடுச்சு.

சின்னப்பிள்ளத்தனமா எழுந்து போய்த் தோண்டினேன். ஒண்ணுமில்ல. கையுறையைக் கழட்டிட்டு முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். ஒண்ணுமே இல்ல. நிமிர்ந்து பார்த்தா மேட்டுக்கு அந்தப் பக்கம், பாறை மறைவுல, அதே பறவை குனிஞ்சு நிக்குது.

ரெண்டு வருஷம் ஆச்சு. அந்தக் கல்லுதான் உறுத்துது. வெறும் குழிக்கு எதுக்கு மூடி?

தூக்கணாங்குருவி:
இது பரவால்ல, என் பையையே திறந்துச்சு. பனிவண்டியை நிறுத்திட்டு போட்டோ எடுக்க 20 அடி போயிருப்பேன். திரும்பினா சீட்டு மேல ஒண்ணு நிக்குது. ஜிப் ரன்னரை அலகு நுனியில கவ்விக்கிட்டு அப்படியே பின்னாடி நடந்துச்சு. வெடுக்குனு இழுக்கல, பிய்க்கல. நடந்துச்சு. ஜிப் நூல் பிடிச்ச மாதிரி திறந்துது. முதல்ல கையுறை வெளிய விழுந்துது, அப்புறம் மேப், அப்புறம்தான் பிஸ்கட். நடுவுல என் மருந்து டப்பாவையும் தூக்கிட்டுப் போயிடுச்சு, அதை வச்சு என்ன பண்ணுச்சோ. பின்னாடிதான் தெரிஞ்சுது, அமெரிக்காவுல யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல இந்த ஜிப் திறக்கிற வேலைக்காகவே பார்வையாளர்களை எச்சரிக்கிறாங்களாம்.

கல்லுளிமங்கன்:
ஜிப் சரி. அது பழக்கத்துல வரும், ஒண்ணைப் பார்த்து ஒண்ணு கத்துக்கும். ஆனா பனிச்சரிவு சொல்ற 'ஏமாத்துச்சு' எனக்கு ஒப்பல. மனுஷன் பார்க்கிறதைப் பார்த்து பயந்து, வச்சதையே திரும்ப எடுத்துட்டுப் போயிருக்கலாம். நீங்க லேஸ் கட்டிட்டு இருந்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

என் கதை: பனியில செத்துக் கிடந்த மான். ஒரு வளர்ந்த ஜோடி அதைக் கைப்பற்றி வச்சுக்கிட்டு யாரையும் கிட்ட விடல. மதியம் ஒரு இளசு வந்துது. வாய் திறந்தப்போ உள்ள சிவப்பா இருந்துச்சு, வளர்ந்ததுக்கு உள்ளயும் கறுப்பு. அந்த ஜோடி ரெண்டு தடவை துரத்துச்சு. அது கிளையில உட்கார்ந்து கத்த ஆரம்பிச்சுது, இருட்டுற வரைக்கும் விடல. மறுநாள் காலையில எண்ணினேன், 37 ரேவன். அந்த ஜோடி ஓரமா நின்னு பார்த்துக்கிட்டு இருந்துச்சு. 'வாங்கடா எல்லாரும்'னு அது கூப்பிட்டுச்சுன்னு நான் கதை கட்ட மாட்டேன். பசியில கத்துச்சு, அவ்வளவுதான்.

ஓடைக்கரை:
கல்லுளிமங்கன் அண்ணா, நீங்க பார்த்ததைத்தான் பெர்ன்ட் ஹைன்ரிச்னு ஒரு உயிரியலாளர் 1980கள்ல அமெரிக்காவோட மெயின் மாநிலக் காட்டுல குளிர்காலம் குளிர்காலமா உட்கார்ந்து ஆராய்ஞ்சார். துணை கிடைக்காம அலையுற இளசுங்க தனியா அந்த ஜோடியை ஜெயிக்க முடியாது. கூட்டம் சேர்ந்துட்டா ஜோடியால ஒண்ணும் பண்ண முடியாது. ஆக கத்துறவனுக்கும் லாபம், வர்றவனுக்கும் லாபம். பசி மட்டும்தான்னா, அந்த ஜோடிக்குப் பசிக்கிறப்போ அது ஏன் கத்துறதில்ல?

ஏமாத்துறதுக்கும் வர்றேன். வியன்னாவுல தாமஸ் புக்னியாரோட ஆய்வுக் குழு 2016ல வெளியிட்ட சோதனை. அடுத்தடுத்து ரெண்டு அறை, நடுச்சுவர்ல ஒரு சின்ன ஓட்டை. ஓட்டை வழியா எட்டிப் பார்க்கலாம்னு ரேவன்களுக்கு முதல்ல அனுபவத்துல தெரிய வச்சாங்க. அப்புறம் மறுபக்கம் பறவையே கிடையாது, ரேவன் சத்தத்தை மட்டும் ஓட விட்டாங்க. ஓட்டை திறந்திருந்தா, யாரோ பார்க்கிற மாதிரியே இரையை அவசரமா ஒளிச்சு வச்சுதுங்க. மூடியிருந்தா அந்தப் பதற்றம் இல்ல. யார் கண்ணும் எதிர்ல தெரியல, ஆனாலும் 'பார்க்கலாம்'ங்கிறது உறைச்சிருக்கு.

நான் நேர்ல பார்த்தது ஒரு வரிதான்: இரையோட வந்த ரேவன், இன்னொண்ணு கிளையில இருக்கிறதைக் கண்டதும் மரத்துக்குப் பின்னாடி போய் நின்னுக்கிச்சு. அந்த மரம் அதோட உடம்பை விட ஒல்லி.

கல்லுளிமங்கன்:
எல்லாம் கூண்டுல வளர்ந்த பறவை. காட்டுல ஓட்டை போட்ட சுவர் எங்க இருக்கு?

மூடுபனி:
உங்க சண்டைக்கு நடுவுல என்னோடது. எனக்கு அறிவு கிறிவு எல்லாம் தெரியாது, சத்தம் மட்டும்தான். கை நீட்டினா விரல் தெரியாத மூடுபனி. பாதை தவறி ஒரு பாறையில உட்கார்ந்துட்டேன். மேல எங்கயோ குழாய்ல தண்ணி சொட்டுற சத்தம், 'ட்ளொக்'. கொஞ்சம் விட்டு இன்னொரு சொட்டு. தண்ணி இருந்தா ஓடை இருக்கும், ஓடையைப் பிடிச்சு இறங்கிடலாம்னு அந்தப் பக்கமா அடி வச்சேன். சத்தம் நகர்ந்துடுச்சு. இப்போ வலது பக்கம். தண்ணி நகருமா? நடுமுதுகு சில்லுனு ஆயிடுச்சு.

அப்புறம் யாரோ கதவைத் தட்டுற மாதிரி வேகமா 'டொக்டொக்டொக்'. பதிலுக்கு தூரத்துல அடித்தொண்டையில 'க்ரோங்க், க்ரோங்க்'. அப்பதான் புரிஞ்சுது. தலைக்கு மேல போறப்போ றெக்கைச் சத்தம் தெளிவா கேட்டுச்சு, பட்டுத்துணியைக் கிழிக்கிற மாதிரி. பறவையைக் கடைசி வரைக்கும் பார்க்கல. அந்தத் தட்டுற சத்தம் பெரும்பாலும் பெட்டைதான் போடும்னு பிறகு படிச்சேன். இன்னமும் வீட்டுக் குழாய் சொட்டினா தலை தானா மேல போகுது.

பழைய பைனாகுலர்:
நல்ல திரி. நானும் ஒருதரம் பார்த்திருக்கேன், பறக்கும்போதே மல்லாந்து ரெண்டு வினாடி தலைகீழாப் போச்சு, விளையாட்டுக்குத்தான்னு தோணுச்சு. அது இருக்கட்டும்.

நிறைய பேர் அண்டங்காக்கையைப் பார்த்துட்டு ரேவன்னு எழுதறீங்க. அகராதியில ரேவனுக்கும் அண்டங்காக்கைன்னே போட்டிருப்பாங்க, அதுதான் குழப்பம். ரெண்டும் வேற வேற இனம். முதல்ல வாலைப் பாருங்க: பறக்கும்போது ரேவன் வால் நடுவுல நீண்டு ஆப்பு மாதிரி தெரியும், அண்டங்காக்கைக்கு வால் நுனி வட்டமா இருக்கும். ரெண்டாவது கழுத்து: ரேவன் கத்தும்போது தொண்டை இறகு தாடி மாதிரி சிலிர்த்து நிக்கும். எடை சாதாரணமா ஒரு கிலோவுக்கு மேல, றெக்கை விரிச்சா சுமார் நாலடி இருக்கும். கழுகு மாதிரி றெக்கையை அசைக்காம மிதக்கும், காக்கா அவ்வளவு நேரம் மிதக்காது. ஆர்க்டிக் பனியிலயும் இருக்கும், பாலைவனத்துலயும் இருக்கும், அதனால 'இங்க வராது'ன்னு அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க.

அடுத்தது, தயவுசெஞ்சு இரை போடாதீங்க. ஒருதரம் போட்டா அடுத்து வர்றவங்க பையெல்லாம் போச்சு. பையில ஜிப்புக்கு மேல ஒரு கொக்கி மாட்டுங்க, ரன்னரைத் துணி மடிப்புக்கு உள்ள தள்ளி வைங்க. குளிர்காலம் முடியறதுக்குள்ளயே கூடு கட்ட ஆரம்பிச்சிடும், அதனால பாறை முகட்டுல ஜோடி சுத்திக்கிட்டு இருந்தா அந்தப் பக்கம் ஏறாதீங்க. சத்தத்தைப் பதிவு பண்ணி அதுகிட்டயே போட்டுக் காட்டுறது வேண்டவே வேண்டாம். சத்தம் பதிவு பண்ண மட்டும் போன் வைக்கிறவங்க காத்துக்கு எதிர்ப்பக்கமா, ஒரு பஞ்சுத் துணி சுத்தி...

தூக்கணாங்குருவி:
சார், திரி அனுபவப் பகிர்வு. அந்த மல்லாந்து பறந்ததை இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம், நான் அதைத்தான் படிக்க வந்தேன். அப்புறம் கொக்கி மாட்டிப் பார்த்தாச்சு. கொக்கியையும் கழட்டுது.

பனிச்சரிவு:
கல்லுளிமங்கன் கேட்டதுக்கு பதில் சொல்லிடறேன். அன்னைக்கு எடுத்த போட்டோவை மறுபடி பார்த்தேன். புதுப்பனி, அதனால தடம் சுத்தமா இருக்கு. குழி வரைக்கும் ஒரே வரிசை கால்தடம், குழி பக்கத்துல ரெண்டு பக்கமும் விரல் விரலா றெக்கை அழுத்தின தடம், அங்கிருந்தே எழும்பியிருக்கு. திரும்ப வந்து எடுத்த தடம் கிடையாது.

கல்லுளிமங்கன்:
சரி, தடத்தை ஏத்துக்கறேன். ஆனா மூஞ்சியை உள்ள விட்டப்பவே வச்சு, அதே மூச்சுல எடுத்திருக்கலாம். கல்லு வச்சுட்டு நிமிர்ந்தப்போ தாடையில புடைப்பு இருந்துச்சா?

பனிச்சரிவு:
பார்க்கல. அது கண்ணைத்தான் பார்த்துட்டு இருந்தேன்.