கார்பன் டை ஆக்சைடு சோதனை: பொய் இல்லாமல் செய்து காட்ட வழி உண்டா?

வணக்கம். இயற்பியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் கேட்டாள்: "காற்றில் பத்தாயிரத்துக்கு நாலு பங்குதான் கார்பன் டை ஆக்சைடு. அது எப்படிப்பா பூமியையே சூடாக்கும்?" ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டுக் காட்டினேன். தரையிலிருந்து எழும் அகச்சிவப்புக் கதிரை (கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்) நைட்ரஜனும் ஆக்சிஜனும் கண்டுகொள்வதே இல்லை, கார்பன் டை ஆக்சைடுதான் பிடித்துக்கொண்டு ஒரு பகுதியைக் கீழே திருப்பி அனுப்புகிறது என்றேன். தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து லட்சத்துக்கு 280 பங்கு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது என்றும் சொன்னேன். "நீராவியும் அதைத்தானே செய்யுது?" என்றாள். அது சில நாட்களில் மழையாக இறங்கிவிடும், இது நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் என்று சொல்லித் தப்பித்தேன்.

சிக்கல் அப்புறம்தான். இரண்டு கண்ணாடி பாட்டில்கள், ஒன்றில் மட்டும் சமையல் சோடாவும் வினிகரும் கலந்து எடுத்த வாயு, மேலே ஒரு விளக்கு. வாயு பாட்டிலில் வெப்பமானி ஒரு டிகிரி கூடுதலாகக் காட்டியது. அவளுக்கு ஒரே குஷி, எனக்குத்தான் உறுத்தல். கண்ணாடியே அந்த அகச்சிவப்புக் கதிரை உள்ளே விடாதே! வாயு கனமாக இருப்பதால் சூடு சீக்கிரம் கலையாமல் நின்றிருக்கலாம். 1859-இல், வாயுக்கள் வெப்பக் கதிரை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று அளந்த இயற்பியலாளர் ஜான் டிண்டால், தன் வாயுக் குழாயின் இரு முனைகளையும் அந்தக் கதிரை விடும் பாறை உப்புப் பலகையால் மூடியது இதற்காகத்தான்.

அந்த உப்புக்கு நான் எங்கே போவேன்? மெல்லிய பாலித்தீன் தாள் போதுமா? வெப்பக் கேமரா இல்லாமல் முடியுமா? செய்து பார்த்தவர்கள் அளவுகளோடு சொல்லுங்கள். வீடியோ லிங்க் மட்டும் வேண்டாம், நான் பார்த்த பாதியும் இதே பாட்டில்தான்.